அந்தக் 'கொடுக்கிறது' பற்றி

அன்புள்ள கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னது இன்னும் மனதிலேயே நிற்கிறது. "வரியில் 41 சதவீதத்தை ஒன்றிய அரசு மாநிலங்களுக்குக் கொடுக்கிறதே அப்பா, இன்னும் என்ன குறை?" என்றாய். வணிகவரி அலுவலகத்தில் முப்பது வருஷம் இருந்தவன், இதைக் கணக்கோடு சொல்ல வேண்டாமா?

முதலில் அந்தக் 'கொடுக்கிறது'. அது யாரும் கொடுப்பதில்லை கண்ணு. அரசியல் சட்டத்தின் 270ஆவது பிரிவுப்படி மாநிலங்களுக்குச் சேர வேண்டிய பங்கு. எவ்வளவு என்று, அதற்கென்றே அமைக்கப்படும் நிதிக்குழு கணக்குப் போடுகிறது. 15ஆவது நிதிக்குழுவின் கணக்கில், மாநிலங்களுக்கு வந்த ஒவ்வொரு நூறு ரூபாயிலும் நம் தமிழ்நாட்டுக்கு நாலு ரூபாய் சொச்சம், பீகாருக்குப் பத்து ரூபாய். அதில் எனக்கு வருத்தமில்லை. இல்லாத இடத்துக்குக் கூடுதலாகப் போகட்டும்.

என் ஆதங்கமெல்லாம் செஸ், சர்சார்ஜ் என்று அடிப்படை வரிக்கு மேல் ஒன்றிய அரசு போடும் கூடுதல் வரிகள் மேல்தான். அவற்றில் மாநிலங்களுக்குப் பங்கே கிடையாது. 2021இல் லிட்டர் பெட்ரோலுக்கு ஒன்றிய வரி 32 ரூபாய் 90 காசு வரை இருந்தது. அதில் பங்குக்கு வந்த அடிப்படை வரி வெறும் 1 ரூபாய் 40 காசு. நீ சொல்லும் 41 சதவீதம் அந்த 1.40க்குத்தான். எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து 57 காசு! மாநில அரசு வாங்கிய வாட் என்ற விற்பனை வரி வேறு கணக்கு.

அப்புறம் ஜிஎஸ்டி. முன்பெல்லாம் விற்பனை வரி கூடிவிட்டால், நம் கோவையில் மாவரைக்கும் கிரைண்டர் செய்கிறவர்கள் மாநில அரசிடம் மனு கொடுக்கச் சென்னைக்கு ரயில் ஏறுவார்கள். மனு பலிக்கும், பலிக்காமலும் போகும். ஆனால் முடிவெடுப்பவர் அவர்கள் ஓட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியவர். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு எல்லாம் ஒன்றிய, மாநில அமைச்சர்கள் உட்காரும் ஜிஎஸ்டி கவுன்சிலில். அங்கே மூன்றில் ஒரு பங்கு ஓட்டு ஒன்றிய அரசுக்கு. தீர்மானம் நிறைவேற நான்கில் மூன்று பங்கு வேண்டும். எல்லா மாநிலங்களும் ஒன்றாகக் கை தூக்கினாலும் ஒன்றிய அரசு சம்மதிக்காமல் எதுவும் நகராது. கவுன்சிலின் பரிந்துரை யாரையும் கட்டுப்படுத்தாது என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது. சரி, ஒரு மாநிலம் மட்டும் தனி வரி போட்டால், ஊர் ஊராகச் சரக்கு அனுப்புகிறவர் எப்படிப் பில் போடுவார்?

போன மாதம் கோவை கணபதி பக்கம் தெரிந்தவர் கிரைண்டர் பட்டறைக்குப் போயிருந்தேன். சுவரில் விலைப்பட்டியல் மேல் பட்டியலாக நான்கு ஒட்டியிருந்தது. ஓரம் பிய்ந்த இடத்தில் அடியிலிருந்த பழசும் தெரிந்தது. கிரைண்டருக்கு ஜிஎஸ்டி 2017இல் முதலில் 28 சதவீதம், அந்த வருஷ நவம்பரிலேயே 12, பிறகு 5, 2022 ஜூலையில் 18. கைக் கல்தூசியைத் துடைத்துக்கொண்டே, "ஏனுங்க, நீங்க அந்த ஆபீசுலயே இருந்தவரு. இதை இப்ப யாருகிட்டப் போய்ச் சொல்றதுங்க?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் வரவில்லை கண்ணு.

அன்புடன்,
அப்பா