எத்தனை லட்சம் குஞ்சு என்பது சரி, எந்த நிலையில்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பொரிப்பகத்தில் வளர்த்த சால்மன் குஞ்சுகளை ஆற்றில் விட்டார்கள் என்று எப்போது செய்தி வந்தாலும் முதல் வரியிலேயே ஒரு எண் இருக்கும், இத்தனை லட்சம் என்று. அந்தக் குஞ்சுகள் எந்த நிலையில் போயின என்று தேடினால் ஒரு வரிகூட இருக்காது. நம் பத்திரிகையிலும் அப்படித்தான் வருகிறது, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பரிசோதனையே இல்லை என்று சொல்ல வரவில்லை. அமெரிக்காவின் பசிபிக் கரையோர மாநிலங்களில், விடுவதற்கு முன்னால் மீன்நோய் நிபுணர் வந்து சில குஞ்சுகளை எடுத்து, செவுளில் ஒரு துணுக்கு வெட்டி, தோலை லேசாகச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்ப்பார். வயிற்றைத் திறந்து சிறுநீரகம், மண்ணீரல், கல்லீரல் எப்படி இருக்கின்றன என்று குறித்துக்கொள்வார். சிறுநீரகம் வீங்கி வெள்ளை வெள்ளையாகக் கட்டி தெரிந்தால் பாக்டீரியா சிறுநீரக நோயோ என்று சந்தேகம் வரும். பொல்லாத நோய் அது. தாயிடமிருந்து முட்டைக்குள்ளேயே வந்துவிடும், தொட்டியில் இருக்கும்வரை வெளியே காட்டாமலும் இருக்கும், ஆற்றிலிருந்து கடலுக்குப் போய், கடல்நீருக்கு உடம்பு பழகுகிற நேரத்தில் ஆளைச் சாய்க்கும். கடலில் செத்த குஞ்சை யார் எண்ணப் போகிறார்கள்?

அப்புறம் இந்த 60 மீன் கணக்கு. ஒன்றாக வளர்த்த ஒரு தொகுப்பில் வழக்கமாக 60 மீன்களைச் சோதிப்பார்கள். நூற்றுக்கு 5 மீனில் தொற்று இருந்தால் அதில் ஒன்றாவது சிக்குவதற்கு 95 சதவீத வாய்ப்பு உண்டு. நூற்றுக்கு ஒன்றுதான் என்றால்? ஒன்றுகூடச் சிக்காமல் போகத்தான் பாதிக்கு மேல் வாய்ப்பு. பத்து லட்சம் குஞ்சில் அது பத்தாயிரம் மீன்! ஆக "நோய் இல்லை" என்று எழுதுவது சரியல்ல, "சோதித்த 60 மீனில் தென்படவில்லை" என்பதுதான் உண்மை. சோர்ந்து, நிறம் கறுத்து, தண்ணீர் வெளியேறும் வலையோரம் ஒதுங்கி நிற்கிற குஞ்சுகளைத் தனியாக எடுத்துப் பார்ப்பது இதனால்தான் முக்கியம்.

சோதனையில் கோட்டைவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நார்வே இருக்கிறது. 1970களில் ஸ்வீடனிலிருந்து போன மீன்களோடு, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு தோல் ஒட்டுண்ணி அங்கே நுழைந்தது. பால்டிக் சால்மன் அதைத் தாங்கிக்கொள்ளும், நார்வே சால்மனுக்கு அந்த எதிர்ப்பு இல்லை. ஐம்பது ஆறுகள்வரை பரவி, கடைசியில் பெரும்பாலான இடங்களில் ஆற்றுக்கே நஞ்சு ஊற்றி, இருந்த மீனையெல்லாம் கொன்றுதான் அதை ஒழிக்க வேண்டியிருந்தது.

குஞ்சு நன்றாக இருந்தால் மட்டும் போதும் என்றும் இல்லை. 2024 பிப்ரவரியில் கலிபோர்னியாவின் ஃபால் கிரீக் பொரிப்பகம் சினூக் என்ற சால்மன் வகையில் சுமார் 8,30,000 குஞ்சுகளை விட்டது. கிளாமத் ஆற்றின் அயர்ன் கேட் அணைச் சுரங்க வழியைக் கடந்தபோது வாயுக் குமிழி நோய் (நீரழுத்தம் சட்டென்று மாறும்போது உடம்புக்குள் வாயு குமிழியாவது) கண்டு அவை கூட்டங்கூட்டமாகச் செத்தன. குஞ்சைச் சோதித்தவர்கள் போகிற வழியையும் சோதித்திருக்க வேண்டும். ஆனால் ஒன்று, மாநில மீன்வளத் துறை அதை மூடி மறைக்கவில்லை, தானே அறிவித்தது.

அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வந்தால் உங்கள் நிருபர் இரண்டே இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்கட்டும்: எத்தனை மீனைச் சோதித்தீர்கள், என்ன பார்த்தீர்கள்?

இப்படிக்கு,
தங்கள் வாசகர்