ஆண்கள் ஐக்கிய சங்கம்: 2024–25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய ஆயர் அவர்களே, தலைவர் அவர்களே, சங்க உறுப்பினர்களே, இயேசு கிறிஸ்துவின் இனிய நாமத்தில் அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

மாதக் கூட்டங்கள் பதினொன்று நடந்தன. டிசம்பர் கூட்டம் கிறிஸ்துமஸ் வேலைகளால் நடக்கவில்லை. ஆலய வளாகத் தூய்மைப் பணி இரண்டு முறை நடந்தது. அறுப்பின் பண்டிகையில் ஏலப் பொறுப்பை நம் சங்கம் ஏற்றது. மருத்துவமனைச் சந்திப்பு வழக்கம்போல.

யாழ்ப்பாணப் பயணத்தைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கூட்டங்களுக்கு வராதவர்களிடமிருந்தே இதைப் பற்றி அதிகக் கேள்விகள் வந்தன. அதனால் விளக்கத்தை அறிக்கையிலேயே தருகிறேன்.

அங்குள்ள மூன்று மிஷன் பள்ளிகளுக்குப் பொருள்கள் கொடுக்க நாங்கள் ஏழு பேர் அக்டோபர் மாதம் நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத் துறைமுகமான காங்கேசன்துறைக்குக் கப்பலில் போனோம். சங்கப் பணத்தில் போனோம் என்று பேசப்படுவதை அறிவேன். ஒரு ரூபாய்கூட எடுக்கவில்லை. எடுக்கவும் முடியாது. நம் சங்கம் போன்ற அற அமைப்பின் வருமானத்தை நாட்டுக்கு வெளியே செலவிட்டால் வருமான வரி விலக்குக் கிடைக்காது, அதற்கு மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் தனி ஒப்புதல் வேண்டும். அவரவர் பயணச் செலவு அவரவருடையது. கொண்டுபோன பொருள்களும் அப்படியே.

“இங்கே ஆலயக் கூரை ஒழுகும்போது அங்கே எதற்கு?” என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நாம் யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளிகளுக்குக் கடன்பட்டவர்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1857இல் முதன்முதலாக பி.ஏ. தேறிய இருவர் சி.வை. தாமோதரம் பிள்ளையும் விசுவநாத பிள்ளையும். இருவரும் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டை செமினரியில் படித்தவர்கள். அமெரிக்க மிஷன் 1823இல் தொடங்கிய பள்ளி அது. தாமோதரம் பிள்ளை பிற்காலத்தில் சைவராக வாழ்ந்தார், ஆனால் 1887இல் கலித்தொகையை ஓலையிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். அந்தப் பள்ளிகளின் பலனைத் தமிழ் படிக்கும் எல்லோருமே அனுபவிக்கிறோம். உடுவிலில் ஹாரியட் வின்ஸ்லோ அம்மையார் 1824இல் பெண்களுக்கென்று தொடங்கிய பள்ளிக்கு நாங்கள் போன அந்த ஆண்டில் இருநூறு வயது. அதன் வாசலில் நின்றபோது எங்களில் இருவர் கண்கலங்கினார்கள்.

அங்குள்ள நிலைமை பலருக்குத் தெரியாது. 1960, 1961 சட்டங்களால் இலங்கை அரசு பெரும்பாலான மிஷன் பள்ளிகளை ஏற்றுக்கொண்டது. சில பள்ளிகள் மட்டும் மாணவரிடம் கட்டணம் வாங்குவதில்லை என்ற நிபந்தனைக்கு உட்பட்டுத் தனியாக நின்றன. கட்டணம் வாங்க முடியாத பள்ளி கட்டடத்தையும் ஆய்வுக்கூடத்தையும் எப்படிப் பராமரிக்கும்? பழைய மாணவர்களும் திருச்சபையும் கைகொடுத்தால்தான் உண்டு. 1995 இடப்பெயர்வு, போர், 2022 பொருளாதார நெருக்கடி என்று எல்லாவற்றையும் தாண்டி அவை இன்றும் மணியடித்து வகுப்பு நடத்துகின்றன.

நாங்கள் செய்த தவற்றையும் சொல்லிவிடுகிறேன். நான்கு பெட்டி நிறைய நம்மூர்ப் பாடநூல்களும் கைடுகளும் கொண்டுபோயிருந்தோம். ஒரு பள்ளியில் மூத்த ஆசிரியை ஒருவர் அவற்றை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, “நல்ல புத்தகங்கள்தான் ஐயா, ஆனா எங்கட பிள்ளையளின்ர சோதினைக்கு உதவாது” என்று மெதுவாகச் சொன்னார். அவர்கள் பாடத்திட்டம் வேறு, கலைச்சொற்களும் வேறு. வேதியியல் ஆய்வில் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக அளந்து விடும் கண்ணாடிக் குழாயை நாம் பியூரெட் என்கிறோம், அவர்கள் அளவி என்கிறார்கள். அந்த ஆய்வுக்கூடத்தில் உயர்தர (நம் மேல்நிலை வகுப்புப் போன்றது) மாணவர் இருபத்திரண்டு பேருக்கு இருந்தவை மூன்றே அளவிகள். அவற்றில் ஒன்றின் நுனி உடைந்திருந்தது. நூல் சுற்றி, மெழுகு வைத்து அதையும் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். தன் முறைக்காகக் காத்திருந்த ஒரு பெண், பக்கத்தில் இருந்தவள் எடுத்த அளவீடுகளைத் தன் நோட்டில் குறித்துக்கொண்டே நின்றாள். இது என்னை இன்றும் விடவில்லை.

என்ன தேவை என்று முன்கூட்டியே கேட்டு எழுத வேண்டும் என ஜூன் கூட்டத்திலேயே சொன்னேன். அன்று வந்திருந்தவர்கள் ஒன்பது பேர், கோரம் இல்லாததால் தீர்மானம் போட முடியவில்லை. அந்த ஒரு கடிதம் போயிருந்தால் பெட்டிகளில் கைடுகளுக்குப் பதில் கண்ணாடிக் கருவிகள் போயிருக்கும்.

உறுப்பினர் அறுபத்திரண்டு பேர். கூட்டத்துக்குச் சராசரியாக வருபவர்கள் பதினேழு. இருபத்தொன்பது பேர் சந்தா கட்டவில்லை, அவர்களில் பதினொருவர் மூன்று ஆண்டுகளாகக் கட்டவில்லை. பெயர்களை வாசிக்க மாட்டேன். கஷ்டத்தில் இருப்பவர்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், சங்கம் புரிந்துகொள்ளும். கேட்டுப்போனால் வீட்டில் இல்லை என்று சொல்லி அனுப்புவதுதான் வருத்தம்.

வரவு செலவு விவரத்தைப் பொருளாளர் வாசிப்பார். வரவு சென்ற ஆண்டைவிடக் குறைவு, செலவு ஏறக்குறைய அதேதான். கையிருப்பு சிறிது உண்டு.

ஆயர் அவர்களுக்கும், தலைவருக்கும், கமிட்டி அங்கத்தினருக்கும், கோயில்பிள்ளைக்கும், தேநீர் தந்து உதவிய பெண்கள் ஐக்கிய சங்கத்தாருக்கும் நன்றி.

செயலாளர் பொறுப்பில் எனக்கு இது நான்காம் ஆண்டு. வேறொருவர் முன்வந்தால் கோப்புகளை இன்றே மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன். தொடரச் சொன்னால், குறைந்தது இருபத்தைந்து பேர் கூட்டத்துக்கு வருவோம் என்று இங்கேயே கைதூக்க வேண்டும். நாங்கள் போன மூன்று பள்ளிகளிலிருந்தும் தேவைப் பட்டியல் இப்போது வந்துவிட்டது. அளவி பன்னிரண்டு, குழாயி (நாம் பிப்பெட் என்பது) இருபது, நகலெடுக்கும் தாள், இரண்டு தையல் இயந்திரம் என்று அவர்கள் கைப்பட எழுதியிருக்கிறார்கள். அந்தப் பட்டியலை ஆலய அலுவலக மேசைமேல் வைத்திருக்கிறேன். வாங்கித்தர விரும்பும் பொருளுக்கு எதிரே பெயரை எழுதிவிடுங்கள். இதுவரை நான்கு பெயர்கள் இருக்கின்றன.

கிறிஸ்துவின் பணியில்,
செயலாளர்