தம்பிக்கு, உன்ர வரைபைப் பற்றி

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பின கட்டுரையை இரண்டுதரம் வாசித்தேன். இலங்கையிலும் இங்கிலாந்திலும் தவிர்த்திருக்கக்கூடிய மரணங்கள், 1980இலிருந்து இரண்டு கோடு. பெருமையாகத்தான் இருக்கு. ஆனால் இரண்டையும் ஒரே மாதிரி அழுத்திக் கீறிவிட்டாய்.

இரண்டு நாட்டுக்கும் ஒரே வயதுக் கலவை என்று வைத்து வயது நியமப்படுத்தினது சரி. இல்லாவிட்டால் இளந்தாரிகள் கூடின நாடு என்பதாலேயே நாங்கள் வென்றிருப்போம். பிழை, மரணங்களை எதனால் பிரிக்கிறாயோ அந்தக் குடித்தொகையில். யாழ்ப்பாணத்தில் 1981க்குப் பிறகு முழுமையான குடிசன மதிப்பீடு 2012இல்தான். 2001 கணக்கெடுப்பு இங்கே நடக்கவில்லை. இடையில் 95 ஒக்டோபரில் வலிகாமச் சனமே சண்டையால் எழும்பிப் போனது உனக்குச் சொல்லவேண்டியதில்லை. அந்த வருடங்களை வடக்கை விட்டுக் கணக்குப் பார், அல்லது புள்ளிக்கோடாகக் கீறு.

மரண எண்ணிக்கையும் அப்படித்தான். ஆஸ்பத்திரியில் என்றால் டொக்டர் காரணம் எழுதுவார். வீட்டில் என்றால் விதானையாரின் (கிராம சேவகரின்) அறிக்கையோடு பதிவாளரிடம் போவது பெரும்பாலும் வீட்டார் சொன்ன காரணம். 'இதயம் நின்றது' என்று எழுதினால் நோய்க் குறியீட்டில் அது ஐ46, தவிர்த்திருக்கலாம் என்று நீ எண்ணுகிற மரணங்களின் பட்டியலிலேயே இல்லை. மாரடைப்பு ஐ20 முதல் ஐ25, பட்டியலில் உண்டு. ஆக, காரணத்தை அரைகுறையாக எழுதுகிற நாடுதான் நல்ல நாடாகத் தெரியும்! ஐ46உம், காரணம் தெளிவில்லாத மரணங்களுக்குப் போடுகிற 'ஆர்' குறியீடுகளும் வருடத்துக்கு எத்தனை வீதம் என்று தனியாகக் காட்டு. இங்கிலாந்திலும் 2001இல் நோய்க் குறியீட்டின் பத்தாம் பதிப்புக்கு, ஐசிடி-10க்கு, மாறினபோது நிமோனியா மரணம் சடாரென்று இறங்கியது. காரணத்தைத் தெரிவுசெய்யும் விதி மாறினது, மருந்து மாறவில்லை. அந்த இடத்திலும் கோட்டை முறி.

இன்னொன்று. மாரடைப்பு, பாரிசவாதம், சலரோகம் மூன்றையும் முழுதாக 'வைத்தியத்தால் தவிர்க்கலாம்' என்பதற்குள் போட்டிருக்கிறாய். ஓஈசிடி என்கிற பொருளாதார நாடுகள் அமைப்பின் பட்டியல் அவற்றைப் பாதிபாதியாகப் பிரிக்கும். பாதி வைத்தியத்துக்கு, பாதி வருமுன் தடுப்பதற்கு. ஆஸ்பத்திரியைக் குறைசொல்லுவது சுகம், மற்றப் பாதி அவனவன் கையில். பட்டியலின் எல்லை 75 வயது. அப்பப்பாவும் பெரியப்பாவும் அதுக்கு எவ்வளவு முன்னம் போனவை என்று உனக்குத் தெரியும்.

நாற்பது தாண்டினவைக்கு நீ இருக்கிற இங்கிலாந்தில் ஐந்து வருடத்துக்கு ஒருக்கா இலவசப் பரிசோதனைக்குக் கடிதம் வரும். மருமகள் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை, அவவோட கோபிக்காதே. ஊருக்கெல்லாம் கணக்குப் போடுகிற பிள்ளை உறையை உடைக்காமல் வைத்திருப்பானோ என்றுதான் யோசித்தேன்.

கிளினிக் போக நேரமில்லை என்பாய். பிறஷர் அளக்கிற கருவி ஒன்று வாங்கு, மேற்கையில் கட்டுகிறது, மணிக்கட்டில் கட்டுகிறது வேண்டாம். பட்டி கைக்கு அளவாக இருக்கவேணும், சின்னதென்றால் பிறஷரைக் கூட்டிக் காட்டும். அளக்க முன்னம் அரை மணித்தியாலம் கோப்பி, சிகரெட் கூடாது. (சிகரெட்டைப் பற்றி வேறு கடிதம் எழுதுவேன்.) முதுகைச் சாய்த்து, கால் இரண்டையும் நிலத்தில் வைத்து, ஐந்து நிமிடம் கதைக்காமல் இரு. கை நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும். ஒரு நிமிடம் விட்டு இரண்டுதரம். காலையும் மாலையும், ஏழு நாள். முதல் நாள் எண்களை விட்டுவிட்டு மிச்சத்துக்குச் சராசரி எடு. 135/85 அல்லது அதுக்கு மேலே என்றால் டொக்டரிடம் போ. கீழே என்றாலும் அந்த உறையை உடை.

கோட்டைப் புள்ளியாகக் கீற மறக்காதே. ஏழு நாள் எண்களையும் அட்டவணையாக அனுப்பு, சராசரியை மட்டும் அனுப்பாதே.

அம்மா