வாஷிங் மெஷின் வாங்குவதற்கு முன்னால் அப்பா சொல்வது

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய மூன்று மாடல்களையும் பார்த்தேன். மாப்பிள்ளைக்கு அந்த ஹீட்டர் வைத்த 9 கிலோ மெஷின் மேல்தான் கண் என்று தெரிகிறது. போனில் சொன்னால் நீ ஆபீஸ் அவசரத்தில் பாதியைத்தான் கேட்பாய், அதனால் எழுதிவிடுகிறேன், ரெண்டு பேரும் சேர்ந்து படியுங்கள். பிராண்டு எதுவானாலும் எனக்குச் சம்மதம்தான். அதில் எந்தப் பாகம் கெட்டுப்போகும், கெட்டால் உன் தெரு மெக்கானிக்கால் கழற்றி மாட்ட முடியுமா, அந்தப் பாகம் என்ன விலை, இதை விசாரிக்காமல் மட்டும் வாங்காதே.

கடையில் முதலில் காட்டுவது மோட்டாருக்கு 10 வருஷ வாரண்டி என்கிற ஸ்டிக்கரைத்தான். சில கம்பெனி 20 வருஷம்கூடத் தருகிறது. ஆனால் நம் ரிப்பேர் கடைக்கு வரும் டாப் லோடு (மேலே மூடி திறந்து துணி போடும்) மெஷின்களில் மோட்டார் எரிந்து வருவது அபூர்வம் பாப்பா. வருவதெல்லாம் தண்ணீரை வெளியேற்ற வழி திறக்கும் டிரெயின் மோட்டார், தண்ணீரை உள்ளே விடும் இன்லெட் வால்வு, மெஷினை இயக்கும் எலக்ட்ரானிக் போர்டு, துவைப்பதிலிருந்து பிழிவதற்கு மாற்றும் கிளட்ச், தொட்டியைத் தாங்கும் சஸ்பென்ஷன் ராடு. இவற்றுக்குப் பெரும்பாலும் 2 வருஷம்தான். அதனால் ஸ்டிக்கரைப் பார்த்து மயங்காமல், போர்டுக்கு எத்தனை வருஷம், அது போனால் எவ்வளவு ஆகும் என்று கேள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் கஸ்டமர் கேருக்குப் போன் போட்டு மாடல் நம்பரைச் சொல்லி வாங்கும் முன்னாலேயே கேட்டுவிடு. சொல்லாமல் மழுப்பினால் அந்த மாடலை விட்டுவிடு.

பிரான்சில் இதற்கு ஒரு நல்ல வழி வைத்திருக்கிறார்கள். எளிதாகக் கழற்ற முடிகிறதா, ஸ்பேர் கிடைக்கிறதா, ஸ்பேர் விலை எவ்வளவு என்றெல்லாம் பார்த்து 10-க்கு மார்க் போட்டு, அதை விலைக்குப் பக்கத்திலேயே எழுதி வைக்க வேண்டும் என்று 2021-ல் சட்டமே வந்தது. டாப் லோடு மெஷினையும் 2022 நவம்பரில் சேர்த்தார்கள். 2025-ல் வாஷிங் மெஷினுக்கு அதற்குப் பதிலாக, எவ்வளவு உழைக்கும் என்பதையும் சேர்த்துப் பார்க்கும் மார்க் வந்தது. நம் நாட்டில் நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் பழுது பார்க்கும் உரிமைக்கென்று ஒரு இணையதளம் தொடங்கியது. ஆனாலும் உன் சென்னை சோழிங்கநல்லூர் ஷோரூமில் மெஷின் மேல் அப்படி மார்க் எதுவும் ஒட்டியிருக்காது, நீதான் வாயைத் திறந்து கேட்க வேண்டும்.

சரி, உன்னுடைய மூன்று மாடலுக்கு வருகிறேன்.

முதலாவது, பெல்ட்டில் ஓடும் 7 கிலோ. இதன் வேலையை ஒரு தடவை புரிந்துகொண்டால் உன்னை யாரும் ஏமாற்ற முடியாது. துவைக்கும்போது டிரம்முக்குள் அடியில் உள்ள பல்சேட்டர் என்கிற தட்டு மட்டும் சுற்றும், டிரம் சும்மா நிற்கும். தண்ணீரை வெளியேற்றும் நேரத்தில் டிரெயின் மோட்டார் ஒரு கம்பியை இழுக்கும். அந்த ஒரே இழுப்பில் கீழே வால்வும் திறக்கும், கிளட்சும் மாறும், அப்புறம் டிரம் மொத்தமாகச் சுற்றிப் பிழியும். அதனால் தண்ணீரும் போகவில்லை, பிழியவும் இல்லை என்றால் முதலில் அந்தச் சின்ன மோட்டாரைப் பார்க்கச் சொல். தண்ணீர் வந்துகொண்டே இருக்கிறது, ஆனால் நிறையவில்லை என்றால் கீழே உள்ள அந்த டிரெயின் வால்வில் ஹேர்பின்னோ காசோ மாட்டி மூடாமல் ஒழுகும். 'உம்ம்' என்று சத்தம் மட்டும் வந்து சுற்றாமல் நின்றால் பெரும்பாலும் மோட்டாரைச் சுற்ற வைக்க உதவும் கெப்பாசிட்டர் போயிருக்கும், எந்த எலெக்ட்ரிகல் கடையிலும் கிடைக்கும். இதெல்லாம் ஆயிரத்து ஐந்நூறுக்குள் முடிகிற வேலை, கம்பெனி ஆள்தான் வர வேண்டும் என்றில்லை.

இன்னொன்று, தண்ணீர் அளவு தெரிவதற்குத் தொட்டியிலிருந்து மேலே சென்சாருக்கு ஒரு மெல்லிய காற்று டியூப் போகும். சோப்புக் கசடு அதன் வாயை அடைத்தால் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று மெஷினுக்குத் தெரியாது, எரர் காட்டி நின்றுவிடும். டியூபைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டினால் ஓடும் மெஷினுக்கு 'போர்டு போச்சு' என்று சொல்லி ஆயிரக்கணக்கில் வாங்கிப் போன கதைகளைக் கஸ்டமர்கள் வந்து சொல்லும்போது எனக்கு வயிறு எரியும். யாராவது போர்டு என்று சொன்னால், முதலில் அந்த டியூபைக் கழற்றிக் காட்டுங்கள் என்று தைரியமாகச் சொல்.

இரண்டாவது, டைரக்ட் டிரைவ் 8 கிலோ. பெல்ட் கிடையாது, மோட்டார் டிரம்முக்கு நேர் கீழே உட்கார்ந்திருக்கும். சத்தம் குறைவு, கரண்ட்டும் குறைவு, தேய்கிற பாகமும் குறைவு, நல்ல மெஷின் என்றுதான் சொல்வேன். ஆனால் மோட்டார் எந்த வேகத்தில் சுற்ற வேண்டும் என்பதைப் போர்டுதான் முடிவு செய்கிறது, அதனால் எல்லாச் சுமையும் அதன் தலையில். ஈரம் படக்கூடாது என்று போர்டு முழுக்கப் பசை மாதிரி ஒன்றை ஊற்றி மூடியிருப்பார்கள். அதில் கரண்ட்டை ஆன், ஆஃப் செய்யும் ஒரு சின்ன ரிலே போனால்கூட, அந்தப் பசையைக் கத்தியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி, அடியில் கரண்ட் ஓடும் மெல்லிய செப்புக் கோடு (டிராக்) அறுபடாமல் எடுத்து, சால்டர் வைக்க வேண்டும். அந்தப் பொறுமை உள்ள ஆள் ஊருக்கு ஒருத்தர் இருந்தால் பெரிய விஷயம். மற்றவர்கள் போர்டையே மாற்றச் சொல்வார்கள். இதை வாங்கினால் துவைத்து முடித்ததும் ஸ்விட்சை அணைத்துவிடு, பேனலில் உள்ள பட்டனை மட்டும் அணைத்தால் போர்டுக்குள் கரண்ட் இருந்துகொண்டேதான் இருக்கும். இடி மின்னல் நேரத்தில் பிளக்கையே பிடுங்கிவிடு.

மூன்றாவது, மாப்பிள்ளை கேட்கும் ஹீட்டர் மாடல். உங்கள் வீட்டுக்கு இது வேண்டாம் என்று நான் உறுதியாகச் சொல்லக் காரணம் தண்ணீர். நாம் இங்கே தாமிரபரணித் தண்ணீரில் துவைத்துப் பழகியவர்கள். நீ இருக்கும் ஓஎம்ஆர் பக்கம் போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும்தான். குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியில்லாவிட்டால் 600 வரை போகலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். உன் வீட்டுக் குழாயில் படிந்திருக்கும் வெள்ளையைப் பார்த்தால் எனக்கு நம்பிக்கையில்லை. அந்த உப்பு ஹீட்டர் காயிலில் ஓடு மாதிரி ஏறும், சூடு தண்ணீருக்குப் போகாமல் காயில் எரிந்துபோகும். கையில் டிடிஎஸ் மீட்டர் இருக்கிறது என்று மாப்பிள்ளை சொன்னார், அது காட்டுவது மொத்த உப்பை, கடினத்தன்மையை மட்டும் பார்க்கத் தனி டெஸ்ட் ஸ்ட்ரிப் இருக்கிறது.

எந்த மெஷின் வாங்கினாலும் இந்த உப்பு உன்னை விடாது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பல்சேட்டரைக் கழற்று. நடுவில் ஒரே ஒரு ஸ்க்ரூதான். அதை எடுத்த பிறகு கையால் வராது, உப்பும் அழுக்கும் பிடித்திருக்கும். பல்சேட்டரில் உள்ள ஓட்டைகளில் ரெண்டு பக்கமும் கயிறு கோத்து, நேராக மேலே இழு, சட்டென்று வந்துவிடும். அடியில் இருக்கும் சாம்பல் நிறக் கசடைப் பார்த்தால் இதிலா துணி துவைத்தோம் என்று இருக்கும். தேய்த்துக் கழுவி மாட்டிவிடு. வருஷக்கணக்காக விட்டால் ஸ்க்ரூ துருப்பிடித்து, ஷாஃப்டோடு ஒட்டி, கடைசியில் உடைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

அப்புறம், உங்கள் வீடு மேல்மாடி, டேங்க் நேர் தலைக்கு மேலே. பெரும்பாலான மெஷினின் இன்லெட் வால்வுக்குக் குறைந்தது 0.3 பார் அழுத்தம் வேண்டும், அதாவது குழாய்க்கு மேலே கிட்டத்தட்ட 3 மீட்டர் உயரத்தில் தண்ணீர் நிற்க வேண்டும். அது இல்லாமல் மெதுவாக நிறைந்தால் மெஷின் காத்திருந்து பார்த்துவிட்டு நின்றுவிடும், எல்ஜியில் ஐஇ என்று காட்டும். மெஷின் மேல் பழி போடாமல் முதலில் டேங்க் உயரத்தை அளந்துகொள், குறைவாக இருந்தால் பிளம்பரிடம் சொல்லி ஒரு சின்ன பிரஷர் பம்ப் வைக்கலாம்.

ரெண்டு பேருக்கு 7 கிலோ தாராளம். அந்தக் கணக்கு உலர்ந்த துணியின் எடை, அதனால் பெரிய கம்பளியையும் பெட்ஷீட்டையும் ஒன்றாகத் திணிக்காதே, டிரம் ஒரு பக்கமாக அடித்து சஸ்பென்ஷன் ராடு போய்விடும். மெஷினுக்கு அடியில் எலி நுழையாமல் தடுக்கும் வலை இருக்கிறதா என்று குனிந்து பார், இல்லாவிட்டால் கேட்டு வாங்கி மாட்டு.

என் முடிவு, பெல்ட் வைத்த 7 கிலோவை எடு. சத்தம் கண்டிப்பாக ஆகாது என்றால் டைரக்ட் டிரைவ், அதுவும் போர்டுக்குத் தனியாக வாரண்டி நீட்டிக் கொடுத்தால் மட்டும். ஆடித் தள்ளுபடியில் பேரம் பேசும்போது விலையைக் குறைக்கச் சொல்வதைவிட அந்த வாரண்டியைக் கேள். மாட்டிக் கொடுக்க ஆள் வரும் அன்று எனக்கு வீடியோ கால் போடு, அடியில் பேக்கிங் தெர்மோகோலை எடுத்தாரா, நாலு காலும் மட்டமாக நிற்கிறதா என்று நான் பார்த்துச் சொல்கிறேன்.

அம்மா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா