முதல் நாள் தூண்டில் ஏன் கிடையாது: ஒரிகன் மாநிலத்து மெக்கன்ஸி ஆற்றில் படகு வலிக்க வருகிறவர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். இந்த சீசனுக்குப் பதிவு செய்தவர்களில் பாதிப் பேராவது ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள். "சால்மன் ஏறுகிற ஆற்றுக்கு வந்துவிட்டு, முதல் நாள் முழுக்கத் தூண்டிலைத் தொடக் கூடாதா?" ஹில்ஸ்பரோவிலிருந்தும் பீவர்ட்டனிலிருந்தும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வண்டி ஓட்டி, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வருகிறீர்கள். கேட்பது நியாயம்தான். போனில் ஆளுக்குக் கொஞ்சமாகச் சொல்வதைவிட உட்கார்ந்து எழுதிவிடலாம் என்று தோன்றியது.

இதுவரை எங்கள் படகு வகுப்பு ஒரே நாள். இந்த ஆண்டு முதல் இரண்டு நாள். முதல் நாள் துடுப்பு மட்டும். இரண்டாம் நாள் தூண்டிலும் ஏறும். இரண்டாம் நாளுக்குத் தனிக் கட்டணம் இல்லை. அடுத்தடுத்த நாளாக வர வேண்டும் என்பதும் இல்லை. ஒரு வாரம் இடைவெளி விட்டு வந்தால் தோளுக்கும் நல்லது.

நம் கடற்கரை ஊர்களில் துடுப்பு வலிப்பது, தண்டு வலிப்பது என்று சொல்வார்கள். வலிப்பது என்றால் இழுப்பது. ஆற்றோட்டத்தோடு மிதந்து இறங்குகிற நம் 'டிரிஃப்ட் போட்' படகுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. ஏரியில் சாதாரணப் படகு ஓட்டியவர்கள், போகிற திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துதான் பழகியிருப்பீர்கள். இங்கே நேர்மாறு. ஆறு போகிற திசையைப் பார்த்து உட்காருகிறீர்கள். ஆறு உங்களைக் கீழே கொண்டுபோகிறது, நீங்கள் மேலே இழுக்கிறீர்கள். எவ்வளவு இழுத்தாலும் படகு கீழேதான் போகும். ஆனால் தண்ணீரைவிட மெதுவாகப் போகும். அந்த மெதுவில்தான் எல்லாமே இருக்கிறது.

தண்ணீர் போகிற அதே வேகத்தில் மிதந்தால் படகு வெறும் சருகு. திருப்பலாம், சுற்றலாம், ஆனால் போகிற பாதை உங்கள் கையில் இல்லை. மெதுவாக்கினால்தான் தண்ணீர் படகின் மேல் வந்து அழுத்தும். அந்த அழுத்தத்தை வைத்துத்தான் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் போக முடியும். உங்கள் முதுகுக்குப் பின்னால், ஆற்றின் மேல்பக்கம் பார்த்திருக்கிற முனையைச் சற்றே திருப்புகிறீர்கள். நேராக மேலே பார்த்தால் 12 மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். முள்ளை 11-க்கோ 1-க்கோ கொண்டுபோனால் போதும். இப்போது இரண்டு துடுப்பையும் ஒன்றாக இழுங்கள். படகு ஆற்றின் குறுக்கே, முதுகுப்பக்கம் நோக்கி நகரும். பயந்துபோய் முள்ளை 9-க்கோ 3-க்கோ கொண்டுபோனால் படகு குறுக்கே விழுந்துவிடும். நீளம் முழுவதையும் ஆற்றுக்குக் கொடுத்துவிட்டீர்கள் என்று பொருள். அதற்கப்புறம் ஆறு சொல்கிற இடத்துக்குத்தான் போவீர்கள்.

ஆகவே முதல் நாள் முழுக்க நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது ஒன்றுதான்: பாறைக்கு முகத்தைக் காட்டுங்கள், முதுகுப்பக்கம் இழுங்கள். கேட்க எளிது. ஆனால் பாறையைக் கண்டதும் முன்னால் தள்ளித் தாண்டிவிடலாம் என்றுதான் உடம்பு நினைக்கும். கார் ஓட்டிப் பழகிய உடம்பு அது. அந்தப் பழக்கத்தை மாற்றக் குறைந்தது நான்கு மணி நேரமாவது வேண்டும் என்பது என் அனுபவம். குளம்போல் நிற்கிற இடங்களில் தள்ளுவதில் தவறில்லை. அங்கே நானும் தள்ளித்தான் போகிறேன். ஓடுகிற தண்ணீரில் வேண்டாம்.

இந்தப் படகே இதற்காகப் பிறந்ததுதான். பெயரே மெக்கன்ஸி டிரிஃப்ட் போட். இந்த ஆற்றின் வழிகாட்டிகளும் யூஜீன் நகரத்துப் படகுக்காரர்களும் சேர்ந்து, பல ஆண்டுகளில் அடித்து அடித்துத் திருத்திய வடிவம். அவர்களில் வுடி ஹிண்ட்மன் 1930-களிலிருந்து கட்டிய படகுகள்தான் இன்றைய படகுக்குத் தாய். பிளைவுட் வந்த பிறகு எடை வெகுவாகக் குறைந்தது. அடிப்பக்கம் தட்டை, அடியில் துருத்தி நிற்கிற நடுக்கட்டை எதுவும் கிடையாது. ஆனால் நீளவாட்டில் வாழைப்பழம் போல வளைந்திருக்கும். நடுப்பகுதி மட்டும் தண்ணீரில் உட்காரும், இரண்டு முனையும் மேலே நிற்கும். அதனால்தான் 16 அடிப் படகு ஒரே இழுப்பில் நின்ற இடத்திலேயே சுழல்கிறது, ஆழம் ஓர் அடிகூட இல்லாத தண்ணீரிலும் மிதக்கிறது. நேராக ஓடுவதில் இதற்கு ஆர்வமே இல்லை. முதல் அரை மணி நேரம் படகு தட்டாமாலை சுற்றுவதைப் பார்த்து மனம் விட்டுவிடாதீர்கள்.

இப்போது தூண்டில் விஷயத்துக்கு வருகிறேன்.

நாங்கள் இந்தத் தொழிலைத் தொடங்குவதற்கு முன்பு, நானும் என் மனைவியும் கற்றுக்கொண்டிருந்த காலம். துடுப்பு என் கையில், தூண்டில் அவள் கையில். ஒரு நீண்ட, அமைதியான ஓட்டத்தின் கடைசியில் அவள் தூண்டில் வில்லாக வளைந்தது. ஸ்டீல்ஹெட், கடலுக்குப் போய்த் திரும்புகிற டிரவுட் மீன். வெள்ளியாக ஒருமுறை தண்ணீருக்கு வெளியே வந்து விழுந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்த்தது நான்கு நொடி இருக்கலாம், ஐந்து இருக்கலாம். அதற்குள் படகு குறுக்கே திரும்பிவிட்டது. கீழ்ப்பக்கத் துடுப்பின் அலகு ஆற்றடியில் எதிலோ சொருகிக்கொண்டது. படகு நிற்கவில்லை, துடுப்பு நின்றது. அதன் கைப்பிடி என் விலாவில் வந்து இறங்கியது. அடுத்த நொடி படகின் பக்கவாட்டு பாறையில் மோதியது. மோதிய அதிர்ச்சியில் இருவருமே பாறையிலிருந்து விலகி இந்தப் பக்கம் சாய்ந்தோம். யாராக இருந்தாலும் அப்படித்தான் சாய்வார்கள். ஆனால் நாங்கள் சாய்ந்த பக்கத்திலிருந்துதான் ஆறு வந்துகொண்டிருந்தது. படகின் விளிம்பு தண்ணீருக்குள் தாழ, கண்ணாடி போல வழவழவென்று, சத்தமே இல்லாமல் ஆறு உள்ளே வந்தது. பாறைப்பக்கம் தாவும்படி அவள்தான் முதலில் கத்தினாள். தாவினோம். படகு சற்று நிமிர்ந்து, பாறையை உரசிக்கொண்டு விலகி இறங்கியது. ஒரு துடுப்பு போயிற்று, பை போயிற்று. ஆறு வாரம் என்னால் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை.

இருவரும் லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தோம். அதனால்தான் இந்த மடலை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மீன் மாட்டினால் படகில் இருக்கிற எல்லோருடைய கண்ணும் மீன் மேல்தான் இருக்கும். துடுப்புக்காரரின் கண் மட்டும் ஆற்றில் இருக்க வேண்டும். அது சொல்லித் தெரிவதில்லை. இழுப்பது கைப்பழக்கமாக ஊறிய பிறகுதான் வரும். முதல் நாள் தூண்டில் வேண்டாம் என்பதற்கு இதுதான் முதல் காரணம்.

இரண்டாவது காரணம் மீன் சம்பந்தப்பட்டது. டிரிஃப்ட் போட்டில் மீன் பிடிப்பது தூண்டில் வைத்திருப்பவர் என்று நினைக்கிறோம். உண்மையில் பெரும்பங்கு துடுப்புக்காரருடையது. 'பிளக்' என்கிற பொய்மீனைத் தூண்டில் கயிற்றோடு கீழ்நோக்கி விட்டுவிட்டு, துடுப்புக்காரர் மேல்நோக்கி இழுத்துப் படகை மெதுவாக்குவார். ஓட்டம் அடித்துக்கொண்டு போக, பிளக் முக்குளித்து, நடுங்கிக்கொண்டே நிற்கும். அப்படியே அடிஅடியாக மீன் இருக்கிற மடுவுக்குள் இறக்க வேண்டும். இழுப்பு தளர்ந்தால் பிளக் செத்த சருகாக மேலே வந்துவிடும். பாறையிலிருந்து தப்பிப்பதும் சால்மனின் மூக்கருகே பிளக்கைக் கொண்டுபோய் நிறுத்துவதும் ஒரே வேலைதான். துடுப்பை ஒழுங்காகப் பழகியவர்கள் இருக்கிற படகில்தான் மீன் அதிகம் மாட்டுகிறது. ஆண்டாண்டாகப் பார்த்துவருகிறேன்.

நீரளவு பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வகுப்பை ரத்து செய்யும்போது வருத்தம் வருகிறது. மேட்டூருக்கு வினாடிக்கு இத்தனை கனஅடி என்று செய்தி கேட்டு வளர்ந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. இங்கேயும் அதே கணக்குதான். வைடா ஊருக்குப் பக்கத்தில் அமெரிக்கப் புவியியல் ஆய்வுத்துறையின் அளவுகோல் இருக்கிறது. இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஒரு கனஅடி என்பது 28 லிட்டர் சொச்சம். 3,000 கனஅடி என்றால், ஒவ்வொரு வினாடியும் ஏறக்குறைய 85 டன் தண்ணீர் உங்களைக் கடந்து போகிறது. இன்னொரு கணக்கையும் மனத்தில் வையுங்கள்: ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால், படகின் மேல் அது கொடுக்கும் அழுத்தம் நான்கு மடங்காகும். 5,000 கனஅடி தாண்டினால் புதியவர்களை நாங்கள் ஏற்றுவதில்லை. வானம் நீலமாக இருக்கும், வெயில் அடிக்கும், "இதற்கென்ன குறை" என்று தோன்றும். மேலே மலையில் உருகிய பனியும் முந்தின நாள் பெய்த மழையும் உங்கள் கண்ணுக்குத் தெரியாது. ரத்தானால் முழுப் பணமும் திரும்ப வரும், அல்லது வேறு தேதி.

2020 செப்டம்பரில் இந்தப் பள்ளத்தாக்கை எரித்த ஹாலிடே ஃபார்ம் தீ உங்களில் பலருக்கு நினைவிருக்கும். கரையில் கருகி நின்ற மரங்கள் ஆற்றில் விழுவது இன்னும் நிற்கவில்லை. பாறையை விட எனக்குப் பயம் இந்த மரங்களிடம்தான். பாறையில் மோதுகிற தண்ணீர் சுற்றிக்கொண்டு போகும், படகையும் கூடவே தள்ளிவிட வாய்ப்புண்டு. விழுந்த மரத்தின் கிளைகளுக்குள் தண்ணீர் வடிகட்டி வழியே போவது போலப் போகும். ஆள் போக முடியாது. அதனால் ஒவ்வொரு குளிர்காலத்துக்குப் பிறகும் வகுப்பு தொடங்கும் முன் நாங்கள் ஒருமுறை தனியாக இறங்கிப் பார்க்கிறோம். போன ஆண்டு வந்த வழிதானே என்று யாரும் தாமாக வாடகைப் படகெடுத்து இறங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முதல் நாள் நாம் போவது சாதுவான பகுதி மட்டும். 1938-இல் கட்டிய, கூரை போட்ட குட்பாஸ்ச்சர் மூடு பாலத்தைப் படகிலிருந்து பார்க்க ஆசை என்று எழுதியிருந்த குடும்பத்துக்கு: அது இரண்டாம் நாள். ஆறு கொந்தளித்து ஓடுகிற மார்ட்டின் ரேபிட் வகுப்பில் இல்லை. அது மூன்றாம் தரத்து ரேபிட். அந்தத் தரத்திலும் அதற்கு மேலும் ஒரிகன் சட்டப்படி படகில் இருக்கிற அத்தனை பேரும் லைஃப் ஜாக்கெட் அணிய வேண்டும். மற்ற இடங்களில் 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கட்டாயம். எங்கள் படகில் எல்லா இடத்திலும் எல்லோருக்கும் கட்டாயம், தாத்தா பாட்டிக்கும்.

இலையுதிர் காலத்தில் வருகிறவர்களுக்கு ஒரு தனி வேண்டுகோள். செப்டம்பர், அக்டோபரில் சினூக் சால்மன் முட்டையிடும். முழங்கால் ஆழத் தண்ணீரில் ஒரு பெண்மீன் ஒருக்களித்துப் படுத்து வாலால் அடிக்கும். கூழாங்கல் பறக்கும், மண் புகைபோலக் கிளம்பிக் கீழே போகும். அடித்து அடித்து அதன் வால் விளிம்பு தோல் போய் வெள்ளையாகத் தெரியும். அப்படித் தோண்டிய குழியில் ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுக் கல்லால் மூடிவிட்டு, சில நாளில் செத்துப்போகும். கடலிலிருந்து அத்தனை தூரம் வந்தது அதற்காகத்தான். சுற்றியுள்ள கற்கள் பாசி படிந்து கருப்பாக இருக்க, அந்த இடம் மட்டும் கழுவிவிட்டது போல வெளுப்பாகத் தெரியும். அங்கே நங்கூரம் போடக் கூடாது, படகை விட்டு இறங்கி நடக்கவும் கூடாது. இந்த ஆற்றுச் சினூக் 1999 முதல் அழியும் அபாயப் பட்டியலில் இருக்கிற மீன். மெதுவாகப் போகத் தெரிந்த துடுப்புக்காரர் அந்த வெளுப்பை முன்கூட்டியே பார்த்துவிடுவார், சுற்றிக்கொண்டு போவார்.

பிடித்த மீனைப் பற்றியும்: வால் பக்கம் முதுகில் இருக்கிற சின்னக் கொழுப்புத் துடுப்பு வெட்டப்பட்டிருந்தால் அது பண்ணையில் பொரித்தது. முழுசாக இருந்தால் ஆற்றிலேயே பிறந்தது. தண்ணீரிலிருந்து தூக்காமலே விடுவித்துவிடுவோம். 12 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு மீன்பிடி உரிமம் வேண்டும், சால்மனுக்கும் ஸ்டீல்ஹெட்டுக்கும் 'டேக்' என்கிற தனி அனுமதிச் சீட்டும் வேண்டும். இரண்டையும் ஒரிகன் மீன்வளத் துறையின் இணையப்பக்கத்தில் முந்தின நாளே வாங்கிவிடுங்கள். ஆற்றங்கரையில் சிக்னல் கிடைக்காது.

நங்கூரத்தை முதல் நாள் யாரும் தொட வேண்டாம். வேகமான ஓட்டத்தில் போட்டால் படகின் முனையைக் கீழே இழுத்து ஆற்றுக்குக் கொடுத்துவிடும். தண்ணீரில் விழுந்துவிட்டால் மல்லாந்து, கால் கீழ்ப்பக்கம் இருக்கும்படி மிதங்கள். எழுந்து நிற்க முயல வேண்டாம், கால் கல்லிடுக்கில் சிக்கும். இதைக் கரையிலேயே செய்து பழக்கிவிட்டுத்தான் ஏற்றுவோம்.

ஜீன்ஸ், பருத்திச் சட்டை வேண்டாம். நனைந்தால் காயாது, இந்த ஆறு கோடையிலும் சில்லென்றுதான் இருக்கும். கம்பளி அல்லது ஓட்டப்பந்தயக்காரர்கள் போடுகிற துணி. மாற்று உடை ஒன்று காரில் இருக்கட்டும். கையுறை கட்டாயமில்லை, ஆனால் மாலையில் உள்ளங்கையைப் பார்த்துவிட்டுப் பலரும் கேட்பதால் நான்கு ஜோடி வைத்திருக்கிறோம். சாப்பாடு எங்கள் பொறுப்பு: புளியோதரையும் தயிர்சாதமும், ஃபிளாஸ்கில் டீ. வேறு ஏதாவது ஒத்துக்கொள்ளாது என்றால் முன்கூட்டிச் சொல்லுங்கள்.

உங்கள் தேதியன்று காலை ஐந்தரை மணிக்கு வைடா அளவைப் பார்த்துவிட்டு, போகலாமா வேண்டாமா என்று குறுஞ்செய்தி அனுப்புவோம். அது வந்த பிறகு வீட்டைவிட்டுக் கிளம்பினால் போதும். படகு இறக்கும் சரிவில் ஒன்பது மணிக்கு நாங்கள் இருவரும் இருப்போம்.

இப்படிக்கு,
அன்புடன்,
உங்கள் படகுக்காரர்கள்