மோட்டார் ரூம் பசை அட்டைகளை எடுத்துவிடுங்கள்

எங்கள் குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளருக்கும் நிர்வாகக் குழுவினருக்கும்,

வணக்கம்.

செவ்வாய்க்கிழமை மோட்டார் ரூம் வாசலில் ஒரு பறவை பசை அட்டையில் சிக்கியது உங்கள் எல்லோருக்கும் தெரியும். படமும் அனுப்பினேன். எலிப் பசை அட்டைகள் இன்னும் அங்கேயேதான் கிடக்கின்றன. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன்.

சிக்கியது ஆண் குண்டுகரிச்சான். விடியற்காலையில் தண்ணீர்த் தொட்டிமேல் உட்கார்ந்து பாடுமே, அதேதான். பசையில் ஒட்டிக் கிடந்த பூச்சிகளைக் கொத்த இறங்கியிருக்கிறது. நான் பார்த்தபோது இரண்டு கால்களும் வாலும் ஒரு இறக்கையும் ஒட்டியிருந்தன. திமிறத் திமிற இன்னும் ஒட்டியது.

பறவை மீட்பில் பழகிய ஒருவர் போனில் சொல்லச் சொல்லச் செய்தேன். பிய்த்து இழுத்தால் தோலும் சேர்ந்து வந்துவிடும். முதலில் வெற்றுப் பசைமேல் மைதா மாவைத் தூவினேன். பிறகு பஞ்சுக்குச்சியில் சமையல் எண்ணெயைத் தொட்டு ஒவ்வொரு விரலாக விடுவித்தேன். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. நாற்பது கிராம்கூட இல்லாத உயிர்; அதன் நெஞ்சு படபடவென்று என் உள்ளங்கையில் அடித்தது. வாலில் மூன்று இறகுகள் அட்டையோடு போய்விட்டன.

அதோடு முடியவில்லை. எண்ணெய் ஏறிய இறகு உடம்புச் சூட்டைக் காக்காது. பாத்திரம் கழுவும் சோப்பை வெதுவெதுப்பான நீரில் கலந்து கழுவ வேண்டும். அதையும் ஒரேயடியாகச் செய்தால் பயத்திலேயே உயிர் போய்விடும். இருட்டான அட்டைப் பெட்டியில் வைத்து, மறுநாள் காலை மீட்பு மையத்தில் சேர்த்தேன். வேரோடு போன இறகு சில வாரங்களில் முளைக்கும். பாதியில் முறிந்தது, அடுத்த முறை இறகு உதிரும்வரை அப்படியே நிற்கும் என்றார்கள். போன மாதம் சிக்கிய புள்ளி ஆந்தைக்கு அந்த வாய்ப்புகூடக் கிடைக்கவில்லை. தயவுசெய்து அந்த அட்டைகளை எடுத்துவிடுங்கள்.

எலி வயரைக் கடிக்கிறது என்கிறீர்கள். உண்மைதான், என் வண்டி வயரும் போயிருக்கிறது. ஆனால் குப்பைத் தொட்டிக்கு மூடி போடச் சொல்லி எத்தனை கூட்டத்தில் கேட்டிருப்பேன்? கழிவுநீர்க் குழாய் ஓரத்து ஓட்டையைக் கம்பி வலையால் அடைக்க ஒரு கொத்தனாருக்கு அரைநாள் வேலை. அதைச் செய்யாமல் அட்டை வாங்கிப் போட்டுக்கொண்டே இருக்கிறோம். அதில் ஒட்டிய எலியும் பசியிலும் தாகத்திலும் துடித்துத்தான் சாகிறது.

இந்திய விலங்குகள் நல வாரியம் 2011-லும் 2020-லும் இந்தப் பசைப் பொறிகளுக்கு எதிராக மாநில அரசுகளுக்கு எழுதியது. இங்கிலாந்தில் 2024 ஜூலை முதல் பொதுமக்கள் இவற்றை வைப்பதே குற்றம். நம் 1960-ஆம் வருடத்து விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்திலோ முதல் குற்றத்துக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய்தான். கடைகளில் அட்டை தாராளமாகக் கிடைக்கிறது. யாரிடம் போய்ச் சொல்வது?

சட்டம் மாறும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. இது நம் வளாகம், முடிவு உங்கள் கையில். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு முன்பே மோட்டார் ரூமிலும் மீட்டர் போர்டு அடியிலும் உள்ள அட்டைகளை எடுத்துவிடும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். எலிக்கூண்டு வாங்கிக் கொடுக்க நான் தயார். காலையில் கூண்டைப் பார்க்கும் வேலையையும் நானே எடுத்துக்கொள்கிறேன். இரண்டு நாளாக அந்தப் பெண் குண்டுகரிச்சான் தொட்டிமேல் தனியாக வந்து உட்காருகிறது. அதுவும் அந்த அட்டைமேல் இறங்குவதற்குள் எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
இரண்டாவது மாடியில் குடியிருக்கும் உங்கள் உறுப்பினர்