வரைபடத்தைக் கொடுங்கள், சின்தசைசரை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்

சின்தசைசர் தயாரிக்கும் நிறுவனங்களின் பொறியாளர்களுக்கும், அங்கே முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கும்,

வணக்கம். சின்தசைசர்கள், அதாவது மின்சுற்றுகளால் (சர்க்யூட்) ஒலியை உருவாக்கும் பழைய மின்னணு இசைக்கருவிகளைப் பழுது பார்ப்பது என் வேலை. இப்போது என் மேசைமேல் இரண்டு கருவிகள் கிடக்கின்றன. ஒன்று 1981-ல் வெளிவந்த, கோர்க் நிறுவனத்தின் பாலிசிக்ஸ். மற்றது பத்து வயதுகூட நிரம்பாதது. அதைச் செய்தவர்கள் யார் என்று இங்கே சொல்லப்போவதில்லை. பாலிசிக்ஸ் இந்த வாரமே வீடு திரும்பிவிடும். இளையதைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை.

பாலிசிக்ஸின் நோய் இந்தத் தொழிலில் எல்லோரும் அறிந்தது. அமைத்து வைத்த ஒலிகள் மறந்துபோகாமல் இருக்க உள்ளே ஒரு நிக்கல்-காட்மியம் பேட்டரி வைத்தார்கள். வயதானால் அது கசியும். கசியும் காரம் கேஎல்எம்-367 என்ற சர்க்யூட் போர்டின் செம்புத் தடங்களை அரித்துவிடும். மூடியைத் திறந்தால் பச்சைப் பாசி படிந்ததுபோல் இருக்கும். ஆனால் அதைப் பார்த்து நான் பதறுவதில்லை. அதன் சர்வீஸ் மேனுவல் என்னிடம் இருக்கிறது. எந்தத் தடம் எங்கே போகிறது, எந்த முனையில் எத்தனை வோல்ட் வர வேண்டும் என்று எல்லாவற்றையும் அன்றைய பொறியாளர் ஒருவர் பொறுமையாக வரைந்து வைத்திருக்கிறார். அரித்துப்போன இடத்தில் மெல்லிய கம்பி இழுத்துச் சாலிடர் வைக்கிறேன். ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய ஆறு குரல்களும் திரும்பி வருகின்றன.

இளையதை இயக்கினால் திரையில் நிறுவனத்தின் சின்னம் வருகிறது, அதோடு சரி. உள்மென்பொருள் சிதைந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். ஊகிக்கத்தான் முடியும், சரிபார்க்க வழியில்லை. மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் ஒரே பதில்: தயாரிப்பு நிறுத்தப்பட்டுவிட்டது, மாற்றுப் போர்டு கையிருப்பில் இல்லை, ஆவணங்களை வெளியாருக்குத் தருவதில்லை. விற்கவும் மாட்டீர்கள், பழுது பார்க்கவும் மாட்டீர்கள் என்றால், அந்த ஆவணங்களை யாரிடமிருந்து காக்கிறீர்கள்?

போட்டியாளர்களிடமிருந்து என்பீர்கள். ஏஆர்பி என்ற அமெரிக்க சின்தசைசர் நிறுவனத்தின் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான், என்றாலும் நினைவூட்டுகிறேன். 1970-களில் அந்த நிறுவனம், பிறர் நகலெடுக்காமல் இருக்கத் தன் சர்க்யூட்டுகளை எபாக்ஸிப் பிசினுக்குள் புதைத்து விற்றது. அப்படிப் புதைக்கப்பட்டவற்றில் ஒன்று 4012 என்ற ஃபில்டர், அதாவது ஒலியின் சில அதிர்வெண்களை வடிகட்டும் பகுதி. அதுவோ, சின்தசைசர் முன்னோடியான ராபர்ட் மோக் காப்புரிமை பெற்றிருந்த ஏணி ஃபில்டரின் சாயல். (மூக் அல்ல, மோக், அவர் தம் பெயரை அப்படித்தான் உச்சரித்தார்.) மோக் நிறுவனத்துக்கு விஷயம் தெரியாமல் போகவில்லை. பிறகு ஏஆர்பி அதைக் கைவிட்டு 4072 என்ற வேறொரு ஃபில்டரைக் கொண்டுவந்தது. அதில் ஒரு வடிவமைப்புப் பிழை. சுமார் 12,000 ஹெர்ட்ஸுக்கு மேல் அது திறக்கவே திறக்காது, அதற்கு மேலான கூர்மையான ஒலிகள் மங்கிவிடும். நிறுவனம் 1981-ல் மூடப்பட்டது. பிசின் மட்டும் இன்றும் இறுகிக் கிடக்கிறது. உள்ளே ஒரேயொரு டிரான்சிஸ்டர் செத்திருந்தாலும் அந்தக் கட்டியை உடைத்துத்தான் தேட வேண்டும். நானும் உடைத்திருக்கிறேன். கூடவே நல்ல பாகங்கள் இரண்டு உடைந்தன.

பிசின் என்றதும் ரோலண்ட் ஜூனோ-106 நினைவுக்கு வருகிறது. 1984-ல் வந்த கருவி. குரலுக்கு ஒன்றாக 80017ஏ என்ற ஆறு சிறு தொகுதிகள் அதில் உண்டு. ஃபில்டரும் ஒலியளவுக் கட்டுப்பாடும் அவற்றுக்குள் இருக்கின்றன. மேலே பூசிய பூச்சு, ஆண்டுகள் ஆக ஆக மின்சாரத்தைக் கசியவிடத் தொடங்கும். ஒரு குரல் கரகரக்கும், பிறகு அடங்கிவிடும். அசிட்டோனில் ஊறப்போட்டுப் பூச்சை உரித்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். இந்த வைத்தியத்தைக் கண்டுபிடித்தது பழுது பார்ப்பவர்கள்தான், செய்த நிறுவனம் அல்ல.

இதற்கு எதிர்த்திசையில் நடந்ததையும் பாருங்கள். கர்ட்டிஸ் நிறுவனத்தின் சிஇஎம்3340 என்ற, மூல ஒலியை எழுப்பும் ஆஸிலேட்டர் சிப்பை உங்களில் பலர் பயன்படுத்தியிருப்பீர்கள். பழைய ஆஸிலேட்டர்களின் பெரிய தலைவலி சுருதி. ஒரு வோல்ட் கூட்டினால் ஒரு ஸ்தாயி ஏற வேண்டும். ஆனால் அந்தக் கணக்கு டிரான்சிஸ்டரின் சூட்டைப் பொறுத்து ஆடும். அறை கொஞ்சம் சூடானாலே அபசுரம். வெப்ப மாற்றத்தைச் சரிக்கட்டும் வேலையை அந்தச் சிப் தனக்குள்ளேயே செய்துகொண்டது. அதன் தகவல் தாள் யாருக்கும் கிடைத்தது. அதனால்தான் உற்பத்தி நின்ற பிறகும் லாட்வியாவின் ரீகா நகரில் ஒரு தொழிற்சாலை ஏஎஸ்3340 என்று அதற்கு இணையானதைச் செய்ய முடிந்தது. 2016-ல் மூலச் சிப்பே மறுபடியும் வந்தது. இந்தச் சிப்பைக் கொண்ட, 1980-க்குப் பிந்தைய பிராஃபெட்-5 சின்தசைசர் ஒன்றில் ஆஸிலேட்டர் போனால் எனக்கு இன்று அரை மணி நேர வேலை.

உங்கள் துறையே கொடுத்து வளர்ந்த துறை. மோக் தம் 19-ஆம் வயதில், 1954 ஜனவரியில், தெரமின் என்ற, தொடாமலே வாசிக்கும் மின்னணு இசைக்கருவியைச் செய்யும் முறையை ஒரு வானொலி இதழில் எழுதினார். பிராஃபெட்-5-ஐ உருவாக்கிய டேவ் ஸ்மித்தும் ரோலண்டை நிறுவிய இகுதாரோ ககேஹாஷியும் முன்னின்று உருவாக்கிய மிடி இணைப்பு முறை 1983-ல் வந்தபோது உரிமத் தொகை எதுவும் கேட்கவில்லை. போட்டி நிறுவனங்களின் கருவிகள் ஒன்றோடொன்று பேசின. அன்றைய கருவியை இன்றைய கணினியோடு இணைத்தால் இப்போதும் பேசும். இதனால் நஷ்டப்பட்ட நிறுவனம் ஒன்றைக் காட்டுங்கள், இந்த மடலைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். கோர்க் தன் மோனோட்ரான் என்ற குட்டிக் கருவியின் சர்க்யூட் வரைபடத்தைத் தானே வெளியிட்டது. மியூட்டபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் என்ற நிறுவனம் சர்க்யூட்டையும் மென்பொருளையும் திறந்தே வைத்திருந்தது. கடையை மூடிய பிறகும் அதன் வடிவமைப்புகளைப் பலர் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

நீங்கள் மறைத்தாலும் ஒருநாள் வெளியே வரத்தான் போகிறது. யமஹா டிஎக்ஸ்7-ன் ஒலிச் சிப்பின் மேல்மூடியை நீக்கி, நுண்ணோக்கியில் படமெடுத்து, டிரான்சிஸ்டர் டிரான்சிஸ்டராக அதன் வேலையை 2021-ல் விளக்கிவிட்டார்கள். அருமையான உழைப்பு. ஆனால் ஒவ்வொரு கருவிக்கும் அப்படி ஒருவர் வாய்ப்பாரா? அதற்குள் காலமும் சும்மா இருப்பதில்லை. கருவியின் நிரலைச் சேமிக்கும் பழைய இப்ராம் நினைவகச் சிப்புகளில் நிரல் என்பது அடைத்து வைத்த மின்னேற்றம்தான். பல பத்தாண்டுகளில் அது மெல்லக் கசிந்து, கருவி தன்னையே மறந்துவிடும். எங்கேயும் நகல் இல்லையென்றால் அதோடு முடிந்தது. இன்றைய கருவிகள் சிலவற்றுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு: ஒலியை மாற்றவே கைப்பேசிச் செயலி வேண்டும். செயலி நின்றுபோனால் குமிழ்களைத் திருகிப் பயனில்லை.

இன்று விற்கும் கருவியின் இரகசியத்தை நான் கேட்கவில்லை. ஒரு கருவிக்கான பராமரிப்பை நிறுத்தும் நாளில் அதன் சர்க்யூட் வரைபடத்தையும் உள்மென்பொருளையும், உங்களுக்கென்றே செய்த சிப்புகளின் முனை விவரங்களையும் வெளியிடுங்கள். மொழிபெயர்க்க வேண்டாம், அழகுபடுத்த வேண்டாம், பொறியாளரின் கிறுக்கல்களோடு அப்படியே கொடுங்கள். இனி வடிவமைப்பவற்றில் பேட்டரியைப் போர்டிலிருந்து தள்ளி, கழற்றக்கூடிய இடத்தில் வையுங்கள். பாலிசிக்ஸைத் திறந்து பார்த்த எவரும் இதைத்தான் சொல்வார்.

மூன்று கடிதங்களுக்கும் ஒரே பதில் அனுப்பிய நிறுவனத்தார் இதைப் படித்தால், நான் யார் என்று அவர்களுக்குத் தெரியும். என் முகவரி அந்தக் கடிதங்களில் இருக்கிறது. கருவியை இன்னும் மூடவில்லை. கழற்றிய திருகுகளை ஒரு கிண்ணத்தில் போட்டுப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
பழுது பார்ப்பவன்